எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாதவருக்கு ஏன் டி.பி. வந்தது?

கேள்வி: நாங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள். பிழைப்புக்காகத் திருப்பூர் வந்து ஆறு வருடம் ஆகிறது. என் கணவருக்கு வயது 33. பனியன் கம்பெனியில் அயர்னிங் வேலை, பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். குடி, பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. இரண்டு மாதமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனார். கடைசியில் சளியைப் பரிசோதித்து டி.பி. என்று சொல்லிவிட்டார்கள். பத்து நாளாக மாத்திரை சாப்பிடுகிறார். உயரம் 168 செ.மீ., எடை 46 கிலோதான் இருக்கிறார். ஒரே அறை கொண்ட லைன் வீட்டில் நாங்கள் இருவர், 7 வயதுப் பெண், 3 வயதுப் பையன், மாமியார் என ஐந்து பேர். மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. என் பெரியப்பா டி.பி.யில் இறந்தவர், அதனால் என் பிறந்த வீட்டு வழியாகத்தான் வந்தது என்கிறார் மாமியார். வடநாட்டுப் பையன்கள் கொண்டு வந்தது என்கிறார்கள் பக்கத்து வீட்டில். தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டோம். அவர் வெளி வராந்தாவில் படுக்கிறார், பிள்ளைகளைத் தொடுவதே இல்லை. ஒழுக்கமாக இருந்த மனிதருக்கு இது ஏன் வந்தது? பிள்ளைகளுக்கும் வந்துவிடுமா? ஊருக்கே திரும்பிவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக அந்தத் தட்டையும் டம்ளரையும் பழையபடி எல்லோருடையதோடும் சேர்த்து வையுங்கள். டி.பி. தட்டில் ஒட்டாது, துணியில் ஒட்டாது, தொட்டால் வராது. அது காற்றில் பரவுகிற நோய். நோயாளி இருமும்போதும் உரக்கப் பேசும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் வெளியே வருகின்றன. மூடிய அறையில் அவை மணிக்கணக்கில் மிதக்கும். அதே அறையில் பல மணி நேரம் மூச்சுவிடுகிறவர்களுக்குத்தான் ஆபத்து. சளி பரிசோதனை அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சி.பி.நாட் அல்லது ட்ரூநாட் சோதனை செய்திருப்பார்கள். டி.பி.க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமியிடம் எதிர்ப்பு இல்லை என்று அதில் இருந்தால், நல்ல செய்தி. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் சில வாரங்களிலேயே அவர் மற்றவர்களுக்குப் பரப்பும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும். பிள்ளைகளோடு வெளியில், திறந்த இடத்தில் உட்கார்ந்து பேசட்டும். அப்பா ஏன் நம்மைத் தொடுவதில்லை என்று அந்த மூன்று வயதுப் பையனுக்குப் புரியாது.

வராந்தாவில் படுப்பதும் இந்த முதல் சில வாரங்களுக்கு நல்லதுதான். அங்கே காற்று ஓடுகிறது. ஆனால் தண்டனை மாதிரி ஒதுக்கிவைத்ததாக அது இருக்க வேண்டாம். சில வாரங்கள் கழித்து மருத்துவர் சரி என்றதும் உள்ளே வந்துவிடலாம்.

அப்புறம், யார் கொண்டு வந்தது என்ற பேச்சு. உங்கள் பெரியப்பாவுக்கும் உங்கள் கணவருக்கும் ரத்த சம்பந்தமே கிடையாது. அவர் வழியாக இது வம்சத்தில் இறங்கியது என்று சொல்ல அந்த ஒரு காரணமே இடம் கொடுக்காது. சில வீடுகளில் தாத்தா, அப்பா, பிள்ளை என்று டி.பி. தொடர்ந்து வருவது உண்மைதான். ஒரே வீட்டுக் காற்று, ஒரே வறுமை, ஒரே மாதிரிச் சாப்பாடு தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதுதான் அதற்கு முக்கியக் காரணம். வடநாட்டுப் பையன்கள் கதையும் அப்படித்தான். இந்தக் கிருமி உடம்புக்குள் போய்ப் பல வருடம் சும்மா இருக்கக்கூடியது. உங்கள் கணவருக்கு அது பள்ளிக்கூட நாளில் ஊரில் வந்ததா, பஸ்ஸில் வந்ததா, கம்பெனியில் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே அறையில் எட்டுப் பேராகப் படுத்துத் தூங்கும் அந்தப் பையன்களும் உங்களைப் போலப் பிழைக்க வந்தவர்கள்தான். அவர்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு உதவக்கூடிய ஒரு செய்தி இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அதற்கு வருகிறேன்.

ஏன் வந்தது என்ற உங்கள் கேள்விக்கு என்னால் முடிந்த அளவு முழுசாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனென்றால் பதில் சரியாகப் புரிந்தால்தான் வீட்டில் இன்னொருவருக்கு வராமல் தடுக்க முடியும்.

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று உலகுக்கு அறிவித்தார். இன்றைக்கும் அந்த நாளைத்தான் உலகக் காசநோய் நாளாக வைத்திருக்கிறோம். காரணம் கிடைத்துவிட்டது என்று அன்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் உலகத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவர் உடம்பில் இந்தக் கிருமி புகுந்திருக்கிறது என்பது இன்றைய கணக்கு. அப்படிப் புகுந்தவர்களில் வாழ்நாளில் 5 முதல் 10 சதவீதம் பேர்தான் நோயாளி ஆகிறார்கள். மற்றவர்களின் நுரையீரலில் காவல் அணுக்கள் கிருமியைச் சுற்றிச் சுவர் எழுப்பி உள்ளேயே அடைத்துவிடுகின்றன. அந்தச் சுவரை நாள்தோறும் பராமரிக்க உடம்பில் தெம்பு வேண்டும், புரதம் வேண்டும். தெம்பு குறையும்போது சுவர் இடிகிறது, கிருமி வெளியே வருகிறது. அப்படியானால் யாருக்கு இந்தச் சுவர் இடிகிறது? இதற்குக் கோக்கின் நுண்ணோக்கியில் பதில் கிடையாது. வீட்டையும் சட்டியையும் வேலை நேரத்தையும் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் காசநோயைத் தூண்டுபவை என்று முக்கியமாக ஐந்தைச் சொல்கிறது: ஊட்டக்குறைவு, சர்க்கரை நோய், எச்.ஐ.வி., மது, புகை. இந்தியாவில் ஊட்டக்குறைவுதான் இவற்றில் முன்னால் நிற்கிறது. கெட்ட பழக்கம் இல்லாதவருக்கு ஏன் என்று கேட்டீர்களே, போதாத சாப்பாடு யாருடைய பழக்கமும் இல்லை.

உங்கள் கணவரின் எடையைக் கணக்கிட்டுப் பார்த்தேன். 168 செ.மீ. உயரத்துக்கு 46 கிலோ என்றால் உடல் நிறை குறியீடு சுமார் 16.3. குறைந்தபட்சம் 18.5 இருக்க வேண்டும். அதாவது 52 கிலோவாவது இருக்க வேண்டிய உடம்பு. இதில் கொஞ்சம் நோய் தின்றது, உண்மை. ஆனால் நோய்க்கு முன்னால் எத்தனை கிலோ இருந்தார் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். ‘எப்பவும் ஒல்லிதான் டாக்டர்’ என்று நோயாளிகள் சொல்வதை நான் தினமும் கேட்கிறேன். எப்போதும் ஒல்லி என்பதை உடல்வாகு என்று நாம் கடந்துபோய்விடுகிறோம். பல நேரங்களில் அது பல வருடச் சாப்பாட்டின் கணக்கு. உடல் நிறை குறியீடு ஒவ்வொரு புள்ளி ஏறும்போதும் காசநோய் வரும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம் குறைவதாகப் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது.

வடநாட்டுப் பையன்களின் ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரு செய்தி என்றேனே, அது ஜார்க்கண்டிலிருந்து. மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையில் 2019 முதல் 2022 வரை அங்கே நான்கு மாவட்டங்களில் ஓர் ஆய்வு நடந்தது. 2,800 காசநோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் வசிக்கும் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மருந்தோடு உணவுப் பொருளும் கொடுத்தார்கள். ஒரு பாதிப் பகுதிகளில் மட்டும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள்: பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, கூடவே சத்து மாத்திரை, ஆறு மாதத்துக்கு. வேறு மந்திரம் ஒன்றும் இல்லை. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வந்தவர்கள் மற்ற வீடுகளைவிட 39 சதவீதம் குறைவு. பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் மட்டும் எடுத்தால் 48 சதவீதம் குறைவு. 2023இல் முடிவு வெளியானபோது எங்கள் துறையில் பலரும் திரும்பத் திரும்ப அதைப் படித்தோம். தடுப்பூசி ஒன்று இந்த அளவுக்குப் பலன் கொடுத்திருந்தால் உலகமே கொண்டாடியிருக்கும். இது அரிசியும் பருப்பும்.

இதை உங்கள் சமையலறைக்குக் கொண்டு வாருங்கள். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. அது சாதாரண விஷயம் இல்லை.  வயிறு நிறைந்துவிடுகிறது. ஆனால் துவரம் பருப்பு ஒரு குடும்ப அட்டைக்கு மாதம் 1 கிலோ. ஜார்க்கண்ட் ஆய்வில் பெரியவர் ஒருவருக்கே ஒன்றரைக் கிலோ. உங்கள் வீட்டில் மூன்று பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள். மாதக் கடைசியில் சாம்பார் எவ்வளவு தண்ணியாகிவிடும் என்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பருப்புப் பக்கத்தில்தான் இடைவெளி இருக்கிறது. இதை அரசும் கவனிக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. நோயாளி உள்ள குடும்ப அட்டைக்காவது பருப்பின் அளவைக் கூட்டினால், அது நலத்திட்டக் கணக்கில் வைக்க வேண்டிய செலவு இல்லை, நோய்த்தடுப்புக் கணக்கில் வைக்க வேண்டியது.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது: அவருக்குத் தினமும் இரண்டு முட்டை, ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை அல்லது பொட்டுக்கடலை, கெட்டியாகப் பருப்பு, முடிந்தால் பால். முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம். 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம். நெத்திலிக் கருவாடு, முருங்கைக்கீரை, கேழ்வரகு எல்லாம் சேரட்டும். டப்பாவில் விற்கும் புரதப் பவுடருக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்தக் காசுக்கு முட்டையும் கடலையும் வாங்கினால் வீட்டில் ஐந்து பேரும் சாப்பிடலாம். அவர் எடையை வாரம் ஒரு முறை பார்த்து எழுதிவையுங்கள். முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம், அதாவது உங்கள் கணவருக்கு இரண்டேகால் கிலோ அளவுக்கு ஏற வேண்டும். அதே ஜார்க்கண்ட் ஆய்வில், இரண்டு மாதத்தில் அந்த அளவு எடை ஏறியவர்களிடம் இறப்பு 61 சதவீதம் குறைவாக இருந்தது. ஏறவில்லை என்றால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் என்ன எடை என்று எழுதவில்லை. முட்டை வாங்கினால் அவருக்கும் பிள்ளைகளுக்கும் வைத்துவிட்டு நீங்கள் ரசம் ஊற்றிச் சாப்பிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு மாதம் அவர் இருமியபோது பக்கத்தில் படுத்திருந்தவர் நீங்கள். இந்த வீட்டில் அதிகம் அந்தக் காற்றைச் சுவாசித்தவர்களில் நீங்கள் ஒருவர். உங்கள் எடையையும் பாருங்கள். உங்கள் தட்டிலும் முட்டை இருக்கட்டும்.

அடுத்து அந்த அறை. திருப்பூர் லைன் வீடுகள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முன்பக்கம் ஒரு கதவு, அதே சுவரில் ஒரு சன்னல். பின்பக்கம் அடுத்த வரிசை வீட்டின் சுவர். காற்று உள்ளே வந்தாலும் போக வழி இல்லை. அந்த ஒரு சன்னலும் ராத்திரி மூடித்தான் இருக்கும். கொசு, திருட்டுப் பயம், நடைபாதையில் போகிறவர்களின் பார்வை. மின்விசிறி ஓடுவதால் காற்றோட்டம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். மூடிய அறையில் விசிறி அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் கலக்கும். சன்னலுக்கு நைலான் கொசுவலை வாங்கி ஒட்டிவிடுங்கள், பாதி மறைக்கிற மாதிரி ஒரு திரை போடுங்கள், ராத்திரியும் திறந்தே இருக்கட்டும். டேபிள் ஃபேன் இருந்தால் அறைக் காற்றைச் சன்னல் வழியே வெளியே தள்ளும்படி வையுங்கள். பகலில் கதவும் சன்னலும் திறந்து வெயில் உள்ளே வரட்டும். வெயில் இந்தக் கிருமியைக் கொல்லும்.

பெரு நாட்டின் லிமா நகரில் மருத்துவமனைகளின் காற்றோட்டத்தை அளந்து 2007இல் ஒரு கட்டுரை வந்தது. உயரமான கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்களில், சன்னல்களைத் திறந்துவைத்தபோது, இயந்திரம் வைத்துக் காற்றை மாற்றும் புதிய அறைகளைவிட அதிகமாகக் காற்று மாறியது. காற்று போகவர வழிவைத்துக் கட்டுவது ஒன்றும் பெரிய செலவில்லை. வாடகை வீடு கட்டுகிறவர்கள் எதிர்ச்சுவரில் உயரத்தில் ஒரு காற்றுத் துளை வைத்தாலே வித்தியாசம் தெரியும். வீட்டுக்காரர் நல்லவராக இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

வேலையைப் பற்றி. பஞ்சுத் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல, ஆனால் காசநோயைக் கூட்டுகிறது என்று நிச்சயமாக நிரூபிக்கப்பட்டிருப்பது கல் உடைக்கும் இடங்களில் வரும் சிலிக்காத் தூசிதான். உங்கள் கணவர் விஷயத்தில் தூசியைவிட நேரத்தைத்தான் நான் குறை சொல்வேன். காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வரும் மனிதர் எப்போது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவார்? புறநோயாளிப் பிரிவு நடக்கும் நேரமும் ஷிப்ட் நேரமும் ஒன்று. ஒரு நாள் போனால் ஒன்றரை ஷிப்ட் சம்பளம் போகும். மெடிக்கல் ஷாப் ராத்திரி பத்து மணி வரை திறந்திருக்கிறது. அதனால் அங்கே போனார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதியுங்கள் என்று நாங்கள் சுவரெல்லாம் எழுதிவைக்கிறோம். அந்த வாசகத்தைப் படித்தவருக்குப் போக நேரம் இருக்கிறதா என்று கேட்பதில்லை. அவருக்குப் போன இரண்டு மாதத்தை அலட்சியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த இரண்டு மாதத்தில் அவர் வீட்டுக்காக உழைத்துக்கொண்டிருந்தார்.

உணவும் வீடும் இவ்வளவு முக்கியம் என்றால் மருந்து எதற்கு என்று உங்கள் மாமியார் கேட்கலாம். இங்கே சென்னையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1956இல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அந்தக் காலத்தில் டி.பி. என்றால் சானடோரியம்: நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு. சென்னையின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் சானடோரியத்தில் சேர்த்தார்கள், பாதிப் பேருக்கு வீட்டிலேயே மருந்து. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் குணமானவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை நன்றாக ஏறியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. பரவியதெல்லாம் பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன்பே பரவியிருந்தது. 1959இல் வந்த இந்த முடிவு உலகம் முழுக்க நோயாளிகளைச் சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு அனுப்ப வழி திறந்துவிட்டது. உங்கள் கணவர் இன்று வீட்டில் இருந்தே மருந்து சாப்பிடுகிறார் என்றால் அந்தச் சென்னை நோயாளிகளுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் அதிலிருந்து எங்கள் துறை பாதிப் பாடத்தைத்தான் எடுத்துக்கொண்டது என்பேன். மருந்து போதும், சாப்பாடு அவ்வளவு முக்கியமில்லை என்ற எண்ணம் பல பத்தாண்டுகள் நிலைத்துவிட்டது. கிருமியைக் கொல்ல மருந்து போதும், சரி. யாருக்கு நோய் வருகிறது, முதல் மாதத்திலேயே யார் இறக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. அதற்கு இங்கிலாந்தின் வரலாற்றில் பதில் கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அங்கே காசநோய்ச் சாவு இறங்கிக்கொண்டே வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் 1940களில் வருவதற்குள் பெரும்பகுதி இறங்கியே விட்டது. நல்ல சாப்பாடுதான் காரணம் என்றார் தாமஸ் மெக்கியோன் என்ற மருத்துவர். வீட்டுவசதிச் சட்டங்கள், நகரத் துப்புரவு, சுகாதார நடவடிக்கைகளுக்கும் பெரிய பங்கு உண்டு என்று மற்றவர்கள் வாதாடினார்கள். இரண்டில் எது கூட, எது குறைவு என்ற விவாதம் இன்றும் ஓடுகிறது. எந்தப் பக்கம் நின்றாலும் மருந்து வருவதற்கு முன்பே மக்களின் வாழ்க்கை மாறியதால் நோய் குறைந்தது என்பதில் சண்டை இல்லை. பிரேசிலில் ஏழைக் குடும்பங்களுக்கு மாதம்தோறும் பணம் கொடுக்கும் திட்டம் உண்டு, போல்சா ஃபமீலியா என்று பெயர். காசநோயை மனதில் வைத்துத் தொடங்கிய திட்டமே இல்லை. கோடிக்கணக்கானவர்களின் பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, பணம் கிடைத்த குடும்பங்களில் காசநோய் சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது.

எனவே மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது, சாப்பாட்டையும் விடக் கூடாது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால், பார்வை மங்கினால், சளியில் ரத்தம் வந்தால், மூச்சு வாங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ நடக்கிறது. நோய் தெரிந்ததுமே உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன், ஆள் தாங்காமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக இருப்பவர்களை உடனே உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள். உங்கள் கணவருக்கு இதெல்லாம் பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் அடுத்த முறை போகும்போது பார்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு வருமா என்றீர்கள். வரலாம், ஆனால் தடுக்க வழி இருக்கிறது, இந்த வாரமே செய்ய வேண்டியது. வீட்டிலுள்ள நால்வரையும் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். முதலில் பையன், ஏனென்றால் ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு இந்த நோய் வேகமாகவும் கடுமையாகவும் வரும். அடுத்து மாமியார், ஏனென்றால் சர்க்கரை உள்ளவர்களுக்கு டி.பி. வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. அவர் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். நோய் இல்லை என்று உறுதியானவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். வாரம் ஒரு முறை வீதம் 12 வாரம், அல்லது தினமும் என்று 6 மாதம். எது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். இலவசம்தான். பிள்ளைகளுக்கு பி.சி.ஜி. போட்டாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள். அந்த ஊசி சின்னப் பிள்ளைகளுக்கு வரும் மூளைக் காசநோய் போன்ற கொடிய வகைகளைத் தடுக்கும். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில்லை என்பது நம்முடைய பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்விலேயே தெரிந்துவிட்டது.

பணத்துக்கு வருகிறேன். மருந்து இலவசம் என்றாலும் டி.பி. குடும்பத்தைக் கடனில் தள்ளுவது சம்பளம் போவதால்தான். பாதியில் மருந்தை விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்கள் அதனால்தான் ஓடுகிறார்கள். டி.பி. நோயாளிகளின் சாப்பாட்டுக்காக அரசு பணம் தரும் நிக்ஷய் போஷன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவர் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். ஆறு மாதத்துக்கு 6,000. முன்பு மாதம் 500தான், 2024 நவம்பரிலிருந்து இரட்டிப்பாகியிருக்கிறது. கணக்கு எண் பதிவாகியிருக்கிறதா என்று சுகாதாரப் பார்வையாளரிடம் கேளுங்கள். நோயாளிகளுக்கு உதவ முன்வரும் நன்கொடையாளர்களான நிக்ஷய் மித்ரா வழியாக உணவுப் பொருள் பை கிடைக்கும். வீட்டாருக்கும் சேர்த்துக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

ஊருக்குப் போவதைப் பற்றி இந்த நிலையில் முடிவெடுக்க வேண்டாம் என்பது என் யோசனை. ஊர் வீட்டில் காற்றும் வெளிச்சமும் இருக்கும், உங்கள் அம்மா கை உதவியும் இருக்கும், உண்மை. ஆனால் இப்போது கிளம்பினால் வேலையிலிருந்து பெயர் எடுத்துவிடுவார்கள், அதோடு கீழே சொல்லப்போகும் உரிமையும் போய்விடலாம். அதனால் இரண்டாம் மாத முடிவில் சளி பரிசோதனை ஆனதும் யோசியுங்கள். இடையில் போகத்தான் வேண்டுமென்றால், பஸ் ஏறும் முன்பே அவருடைய நோயாளிப் பதிவு எண்ணான நிக்ஷய் எண்ணைக் கொடுத்து ஊருக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றச் சொல்லிவிடுங்கள். அங்கே மாத்திரை தயாராக இருக்கிறது என்று தெரிந்த பிறகு கிளம்பலாம்.

உரிமை என்று சொன்னது ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு பற்றி. கம்பெனியில் அவருக்கு ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். பிடித்தால், மருத்துவச் சான்றோடு நோய்க்கால உதவித்தொகை கேட்கலாம். வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். காசநோய் நீண்டகால நோய்கள் பட்டியலில் இருப்பதால், இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து தேவையான நாட்களுக்குப் பிடித்தமும் ஆகியிருந்தால், அதற்குப் பிறகும் 80 சதவீதம் வீதம் நீட்டிக்க இடம் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாது, அட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டு வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள். ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு அவருடைய அட்டை, ஆதார், சளி பரிசோதனை அறிக்கை, மருந்துச் சீட்டு நான்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். விடுப்புச் சான்று எந்தத் தேதியிலிருந்து போடப்படுகிறது என்பதை அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். அவர் வேலைக்குப் போகாத முதல் நாளிலிருந்து இருக்க வேண்டும்.